ஹீப்பைக் கூட்டினால் இடம் குறையுமா?

டாம்கேட், வைல்ட்ஃபிளை, வெப்லாஜிக் போன்ற, ஜாவா செயலிகளை ஓட்டும் மிடில்வேர் சர்வர்கள் எல்லாமே ஜேவிஎம் எனப்படும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல்தான் ஓடுகின்றன. சர்வர் திணற ஆரம்பித்தால் பலரும் முதலில் கை வைப்பது, நிரலின் தரவு வாழும் நினைவகப் பகுதியான ஹீப்பின் உச்ச அளவைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் அமைப்பில்தான். 30 ஜிபி இருந்ததை 36 ஆக்குவார்கள். ஆனால் அப்படிக் கூட்டிய பிறகு, முன்பு கொண்டதைவிடக் குறைவான தரவே ஹீப்பில் கொள்ளும் நிலைகூட வரலாம்.

ஹீப்பில் உள்ள ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு தரவுத் தொகுப்பு, இன்னொன்றைச் சுட்டவேண்டுமானால் அதன் முகவரியை ஒரு சுட்டியாக வைத்திருக்க வேண்டும். 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட் பிடிக்கும். ஆனால் ஜேவிஎம் எந்த ஆப்ஜெக்டையும் 8-இன் மடங்கான இடத்தில்தான் வைக்கும். அதனால் முகவரியின் கடைசி மூன்று பிட்டும் எப்போதுமே சைபர். அந்தச் சைபர்களைச் சேமிப்பானேன்? அவற்றை வெட்டிவிட்டு 4 பைட்டில் அடக்கிக்கொள்கிறது, தேவைப்படும்போது 8-ஆல் பெருக்கிக்கொள்கிறது. 4 பைட்டில் சுமார் 429 கோடி எண்களை எழுதலாம். ஒவ்வொன்றும் 8 பைட் தள்ளி நிற்கும் இடத்தைக் குறிப்பதால் மொத்தம் 32 ஜிபி வரை எட்டும். எவ்வளவு அழகான கணக்கு!

ஹீப் 32 ஜிபியைத் தொட்டதும் இந்தச் சுருக்கம் சத்தமில்லாமல் நின்றுவிடும். சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஹாஷ்மேப் என்ற அமைப்பில் உள்ள ஒரு பதிவு சாவி, மதிப்பு, அடுத்த பதிவு என்று மூன்று சுட்டிகளைச் சுமக்கிறது. 12 பைட்டில் முடிந்தது இப்போது 24 பைட். சர்வரின் நினைவகத்தில் இப்படிப்பட்ட பதிவுகள் கோடிக்கணக்கில் இருக்கும் என்பதால், கூட்டிய 6 ஜிபியையும் சுட்டிகளே விழுங்கிவிடலாம். அதனால் 31 ஜிபியோடு நிறுத்துவது நல்லது; இல்லையென்றால் தாராளமாகத் தாண்டிப் போகவேண்டும்.

ஹீப்புக்கு வெளியேயும் செலவு உண்டு. இணையாக ஓடும் ஒவ்வொரு வேலை இழைக்கும் (த்ரெட்) லினக்ஸில் வழக்கமாக 1 எம்பி வரை ஸ்டாக் எனும் தற்காலிக இடம், அப்புறம் கிளாஸ்களின் விவரங்களை வைக்கும் மெட்டாஸ்பேஸ், தொகுக்கப்பட்ட குறியீடு. இவையெல்லாம் சேர்ந்து ராமைத் தாண்டினால் லினக்ஸ் நினைவகத்தின் சில துண்டுகளை (பக்கங்களை) டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். மற்ற மென்பொருள்களுக்கு இது மந்தம் மட்டுமே. ஜாவாவுக்கு நிலைமை மோசம்: பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி), இன்னும் பயனில் உள்ள, அதாவது உயிருள்ள ஆப்ஜெக்ட்களைத் தேடிப் போகும்போது, பல நாளாக யாரும் தொடாத பக்கங்களையும் தொடும். அவை டிஸ்க்கிலிருந்து திரும்பி வரவேண்டும். 2017-இல் வந்த ஜாவா 9 முதல் இயல்பான கலெக்டராக இருக்கும் ஜி1, சுத்தம் செய்ய நிரலை நிறுத்தும் ஒவ்வொரு முறைக்கும் 200 மில்லிவினாடியை இலக்காக வைக்கிறது. ஸ்வாப் குறுக்கிட்டால் அது பல வினாடியாக இழுக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்ற கோப்பு வரம்பையும் பார்த்துவிடுங்கள். லினக்ஸில் ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்பும் ஒரு கோப்பாகத்தான் எண்ணப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம், தொடங்கும்போதே மென்வரம்பை (இப்போது அமலில் உள்ள வரம்பு) வன்வரம்பு (அதை உயர்த்தக்கூடிய உச்சம்) வரை உயர்த்திக்கொள்ளும். அந்த வன்வரம்பே சிறியதாக இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, ஹீப் எவ்வளவு வேண்டும்? கார்பேஜ் கலெக்டர் எழுதும் ஜிசி பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு முழுச் சுத்திகரிப்புக்குப் பிறகும் ஹீப்பில் எவ்வளவு தரவு மிச்சம் என்று பாருங்கள். அந்த எண் ஒரே மட்டத்தில் நின்றால் அதுதான் உங்கள் உண்மையான தேவை. அதன் இரண்டு மூன்று மடங்கில் தொடங்கலாம். அதே சுமையில் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் நிரலில் எங்கோ நினைவகக் கசிவு இருக்கிறது, அதாவது தேவையில்லாத தரவை அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது ஹீப்பைப் பெரிதாக்கினால் சர்வர் விழும் நாள்தான் தள்ளிப்போகும்.