பாசி தின்னும் குட்டிக் கெளுத்தி: வாங்கும் முன் தொட்டியின் வயதைப் பாருங்கள்

"அண்ணே, கண்ணாடி பூரா பாசி. பாசி தின்கிற மீன் நாலு வாங்கிப் போட்டா சரியாயிருமா?"

மதுரையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மீன்தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் தொழில். இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: தொட்டி வைத்து எத்தனை மாதம் ஆச்சு?

மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். காரணம் அந்த மீனின் வயிற்றில் இருக்கிறது.

நான் சொல்வது ஓட்டோசின்க்ளஸ். கடையில் 'ஓட்டோ' என்பார்கள். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த கெளுத்தி. முழுதாக வளர்ந்தாலும் 4, 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். வாயால் இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு மேலே படிந்திருக்கும் மெல்லிய படலத்தைச் சுரண்டித் தின்னும். ஆடு மேய்வது போல, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருந்தால்தான் அதற்குக் கட்டுப்படியாகும்.

சந்தைக்கு வரும் ஓட்டோக்களில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை, பண்ணையில் பிறந்தவை அல்ல. பிடித்தவர், ஏற்றுமதி செய்பவர், விமானம், இறக்குமதி செய்பவர், சென்னை கொளத்தூர் மொத்த வியாபாரி என்று கைமாறி, கடைசியில் இரவு பஸ்ஸில் ஆக்சிஜன் பையோடு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கும். பையில் தண்ணீர் கெடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு கட்டத்திலும் பட்டினி போட்டே அனுப்புவார்கள். மற்ற மீன்கள் தாங்கிவிடும். ஓட்டோவுக்குப் பட்டினி நீண்டால், பிறகு தின்றாலும் தேறாத நிலைக்குப் போய்விடும். வாங்கிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவது இதனால்தான். 'நல்லாத்தான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்கு' என்பார்கள். ஒட்டிக்கொண்டிருப்பதால் மட்டும் அது தின்கிறது என்று ஆகிவிடாது.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. புதுத் தொட்டி வைத்த இரண்டு வாரத்திலிருந்து கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் வரும். டயட்டம் என்ற நுண்பாசி அது. ஓட்டோவுக்கு ரொம்பப் பிடித்த தீனிதான். ஆனால் அதே நாட்களில்தான் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா இன்னும் குடியேறி முடிந்திருக்காது. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெறப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தீனி இருக்கிறதே என்று மீனை விட்டால் அமோனியாவில் சிக்கும். தப்பிப் பிழைத்தாலும் அடுத்த மாதம் டயட்டம் தானாகவே குறைந்துவிடும், அப்போது பட்டினி. பழுப்புப் பாசி வந்தால் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். கல்லிலும் கட்டையிலும் மெல்லிய பச்சை நிலையாகப் பிடித்து, செடிகள் வேர்விட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு மீனைத் தேடுங்கள்.

எல்லாப் பாசியையும் தின்னும் என்றும் நினைக்காதீர்கள். முடி போல நீளும் பச்சைப் பாசி, இலை ஓரத்தில் கறுப்புத் தாடி போல வளரும் பாசி, நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் படலம் இதையெல்லாம் ஓட்டோ தொடாது. தண்ணீரே பச்சையாக இருந்தால் அதற்கும் இது உதவாது. ஜன்னல் வெயில், நாள் முழுக்க எரியும் விளக்கு, அளவுக்கு மீறிய தீனி, இவைதான் பாசிக்கு மூலம். விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பாதிப் பேருக்குப் பாசி மீனே தேவைப்படாது.

அடுத்தது நம்ம ஊர்த் தண்ணீர். மதுரையின் புறநகர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டும் தெருக்களும் உண்டு. ஓட்டோவுக்கு ஓரளவு மென்மையான, பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 6 முதல் 7.5 வரை உள்ள தண்ணீர் நல்லது. பிஹெச் 8-ஐ நெருங்கினால் இன்னொரு சிக்கல். அதே அளவு அமோனியா, பிஹெச் 7-இல் இருப்பதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு விஷமாகிவிடும். வீட்டு ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பழக்கலாம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து கட்டாயம். இது எதுவும் முடியாது, போர் தண்ணீர்தான் என்பவர்களுக்கு நான் நெரைட் நத்தையைச் சொல்வேன். கடினத் தண்ணீரில் அதன் ஓடு நன்றாக இருக்கும், பாசியும் தின்னும், நன்னீரில் குஞ்சு பெருகித் தொல்லை தராது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும், அவ்வளவுதான் குறை.

கடையில் மீன் பார்க்கும்போது வயிற்றைப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு நேராகத் தெரியும். உருண்டு இருந்தால் வாங்கலாம். குழிந்து இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நேற்று வந்த லாட்டை வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து, அங்கே பிழைத்ததை எடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தனியாக ஒன்று வாங்க வேண்டாம், கூட்டமாக வாழும் மீன் இது. நான்கு முதல் ஆறு வரை, இரண்டடி நீளத் தொட்டிக்கு அதற்கு மேல் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர்தான், மண்ணும் கல்லும் போக 45, 50 மிஞ்சும். கப்பி, டெட்ரா கூட இருக்கலாம். கோல்டு ஃபிஷ், சிக்லிட் கூடாது. பெரிய மீன் விழுங்கப் பார்த்தால் ஓட்டோவின் துடுப்பு முள் தொண்டையில் குத்தி இரண்டுமே சாகலாம்.

வலையில் பிடிக்காமல் டம்ளரில் மோந்து எடுங்கள், அந்த முள் வலையில் சிக்கும். உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணியில் வீடு சேர்ந்த மீனென்றால், ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கிப் பழக்குங்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் மூடிய பையில் வந்த பார்சலுக்கு இந்த முறை ஆகாது. பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும். கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து பிஹெச்சைக் கீழே வைத்திருப்பதால் அது வரை பெரிய கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அமோனியா விஷமாகும். வெப்பநிலையைச் சமன்படுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட வேண்டும். இரண்டிலுமே பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. புது மீனுக்குப் பாதுகாப்பு என்று கல் உப்பை அள்ளிப் போடும் வழக்கத்தையும் விடுங்கள், இந்தக் கெளுத்திக்கு அது ஒத்துவராது.

முதல் மாதம் தீனி நீங்கள்தான் போட வேண்டும். தோல் சீவிய சுரைக்காய், வெள்ளரி, பாலக்கீரை, எதுவானாலும் நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறியதும் ஸ்பூனில் குத்தி இரவில் இறக்குங்கள். காலையில் எடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் சீக்கிரம் அழுகும். சில மீன் முதல் நான்கைந்து நாள் திரும்பிக்கூடப் பார்க்காது. விடாமல் வைக்க வேண்டியதுதான். அப்புறம், மொட்டைமாடியில் ஒரு டப்பில் கூழாங்கல்லைப் பரப்பி, தொட்டியிலிருந்து மாற்றிய பழைய தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்குச் சில நாளிலேயே பச்சை பிடிக்கும். கல்லை மாற்றி மாற்றி உள்ளே வைக்கலாம். டப்பைக் கொசுவலையால் மூடுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு வளரும். தொட்டித் தரையில் நீளமாகப் பச்சைக் கழிவு கிடந்தால் மீன் தின்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம்.

பங்குனி முதல் வைகாசி வரை ஓட்டோ வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இதற்கு ஏற்றது 22 முதல் 26 டிகிரி. கத்திரி வெயிலில் மதுரை வீட்டுத் தொட்டி 32-ஐத் தாண்டும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 32-இல் 7.3 தான். ஏற்கெனவே இருக்கும் மீனுக்கு, மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேன் தண்ணீர் மேல் அடிக்கும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்புகள் தங்கி ஏறிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் போகும் நாளுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஓட்டோ கேட்டால் சில கடைகளில் 'இதுவும் பாசி தின்னும்' என்று விரல் நீளத்தில் புள்ளி போட்ட சக்கர் மீனைத் தருவார்கள். 'டேங்க் கிளீனர்' என்றும் பெயர். அதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், ஆனால் ஒன்றரை அடி வரை வளரும். இரண்டடித் தொட்டியில் திரும்பக்கூட முடியாத அளவுக்கு வந்ததும், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று கண்மாயிலோ வைகையிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பல நீர்நிலைகளில் இது பெருகிக் கிடக்கிறது. முள்ளும் கவசமும் வலையைக் கிழிக்கும், வலையில் வந்தாலும் விற்காது. முட்டையிடக் கரையில் ஆழமாக வளை தோண்டும், மண் கரை கொண்ட நம் கண்மாய்களுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று வளர்ந்துவிட்டிருந்தால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்வதுண்டு. ஓட்டோவைவிடப் பெரிதாக, ஆனால் அடங்கிய அளவில் ஒன்று வேண்டுமென்றால் பிரிஸ்டில்நோஸ் கேளுங்கள். 12, 15 சென்டிமீட்டரில் நின்றுவிடும், பண்ணையில் பிறந்தது கிடைக்கும், உள்ளே ஒரு மரக்கட்டை மட்டும் வைத்துவிடுங்கள்.