ரிப்பேரியன்: ஆற்றில் யார் பங்காளி, யார் வாடிக்கையாளர்?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துக்கும் கெடா மாநிலத்துக்கும் இடையே தண்ணீர்ப் பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் வந்துவிடும்: ரிப்பேரியன். காதில் விழுந்ததும் ரிப்பேர் கடை ஞாபகம் வந்தால் குற்றமில்லை. ஆனால் பழுதுபார்ப்பதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு, அந்த நிலம் கரையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஆற்றுநீரில் ஓர் உரிமை வருகிறதல்லவா, அதைக் குறிக்கும் சட்டச் சொல் இது. நிலம் இருக்கும் இடத்தில் நாட்டை வைத்துப் பாருங்கள், நைல், மீகாங், சிந்து என்று உலகின் அணைச் சண்டைகள் பலவற்றின் நடுவிலும் இதே சொல்தான் நிற்கும்.

லத்தீன் மொழியில் 'ரீப்பா' என்றால் கரை. கரையைச் சேர்ந்தது 'ரிப்பாரியுஸ்'. ஆங்கிலத்துக்கு ரிப்பேரியன் வந்த வழி இதுதான். ஆங்கிலத்தில் ஆற்றுக்கு வழங்கும் 'ரிவர்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்துப் பிரெஞ்சு வழியாக வந்தது. வந்து சேர்வதைச் சொல்லும் 'அரைவ்' என்பதும் அப்படியே, கரையைத் தொடுவது என்பதுதான் அதன் பழைய பொருள். நாமும் ஒருவர் வாழ்க்கையில் நிலைபெற்றுவிட்டால் 'கரை சேர்ந்துவிட்டார்' என்கிறோம்.

'ரைவல்' என்ற சொல்லையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் நீர் எடுப்பவர் 'ரிவாலிஸ்', அவரே நாளடைவில் போட்டியாளர் ஆகிவிட்டார். தமிழுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். சொத்தில் பங்கு உள்ளவன் பங்காளி. பங்காளிச் சண்டை என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லில் உறவையும் பகையையும் நாம் எப்போதிருந்தோ வைத்திருக்கிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில் இந்த உரிமை நிலத்தோடு ஒட்டியது. கரைநிலம் கைமாறினால் உரிமையும் கூடவே போகும். நீரை நியாயமான அளவு பயன்படுத்தலாம், ஆனால் கீழே இருப்பவருக்கு ஆறு வராமல் செய்துவிடக் கூடாது. ஓடும் நீர் யாருடைய சொத்தும் இல்லை, அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு. இந்தக் கடைசிப் புள்ளியில்தான் நம் ஊர்ச் சண்டையே இருக்கிறது.

மூடா ஆறு கெடாவின் உலு மூடா காட்டில் பிறக்கிறது. (மலாயில் மூடா என்றால் இளமை. தமிழ்க் காதுக்குத் திட்டுப் போலக் கேட்பதற்கு ஆறு என்ன செய்யும்?) தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, மலாக்கா நீரிணையில் கலக்கும் முன்பு பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கும் கெடாவுக்கும் எல்லையாக ஓடுகிறது. 1800இல் கெடா சுல்தான் அந்த நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்ததிலிருந்து ஒரு கரை பினாங்கின் கணக்கில் வந்தது. இன்று பினாங்கு சுத்திகரிக்க எடுக்கும் பச்சைத் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கெடாவின் முதல்வர் (மந்திரி பெசார்) சனுசி கேட்டார். பினாங்கு தர முடியாது என்றது. காரணமாகச் சொன்னது இந்தச் சொல்லைத்தான்: ஆறு எங்கள் கரையிலும் ஓடுகிறது, எங்கள் பக்கத்தில் எடுக்கும் நீருக்கு யாருக்கு ஏன் பணம்?

கெடாவிடமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்த உலு மூடா காட்டை வெட்டாமல் வைத்திருந்தால்தான் கீழே தண்ணீர் வரும். மரம் வெட்டினால் கிடைக்கும் வருமானத்தை அது இழக்கிறது. ஆனால் அதற்குக் கேட்க வேண்டியது காட்டைக் காப்பதற்கான ஈட்டுத்தொகை, தண்ணீருக்கு விலை அல்ல. இரண்டையும் ஒரே பில்லில் போட்டதால்தான் பேச்சு முட்டுச்சந்தில் நிற்கிறது என்பது என் எண்ணம். கூட்டரசு அரசியலமைப்பும் மாநில எல்லை தாண்டும் ஆறுகளைக் கூட்டரசுப் பட்டியலில்தான், அதாவது மத்திய அரசின் அதிகாரத்தில்தான், வைத்திருக்கிறது, சம்பந்தப்பட்ட மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய.

இதற்கு நேர்மாறான நிலை தெற்கே உள்ளது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஓடும் ஜொகூர் ஆறு சிங்கப்பூரைத் தொட்டு ஓடவில்லை. அதனால் சிங்கப்பூர் கரைக்காரர் அல்ல, வாங்குபவர். 1962 ஒப்பந்தப்படி நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 சென் விலை, 2061 வரை செல்லும். ஆற்றில் நீர் குறையாமல் இருக்க, 1990இல் போட்ட இன்னோர் ஒப்பந்தத்தின் கீழ் ஜொகூர் மண்ணிலேயே லிங்கியு அணையைத் தன் செலவில் கட்டியது சிங்கப்பூர். அத்தனையும் ஒப்பந்தத்தில் நிற்கும் உரிமை. கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு சொட்டும் கேட்க முடியாது. பினாங்கு அடித்துப் பேசுவதற்கும் சிங்கப்பூர் ஒப்பந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்தச் சொல்தான்.

நாடுகள் என்று வரும்போது, இந்தச் சொல் பந்தியில் உட்கார இடம் உண்டு என்று சொல்லும், இலையில் எவ்வளவு விழும் என்று சொல்லாது. நைலைப் பாருங்கள். 1959இல் எகிப்தும் சூடானும் மட்டும் உட்கார்ந்து ஆண்டுக்கு 5,550 கோடி கனமீட்டர் உனக்கு, 1,850 கோடி எனக்கு என்று பிரித்துக்கொண்டன. நீல நைல் பிறக்கும் எத்தியோப்பியாவை அழைக்கவே இல்லை. அந்த எத்தியோப்பியா 2011இல் தன் எல்லைக்குள் மறுமலர்ச்சி அணையைத் தொடங்கி 2025 செப்டம்பரில் திறந்துவிட்டது. 7,400 கோடி கனமீட்டர் கொள்ளளவு, 5,150 மெகாவாட் மின்சாரம். எகிப்து 'வரலாற்று உரிமை' என்கிறது, எத்தியோப்பியா 'நியாயமான பங்கு' என்கிறது. இருவரும் கரைக்காரர்களே.

மேலே இருப்பவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற வாதமும் ஒரு காலத்தில் இருந்தது. 1895இல் ரியோ கிராண்டே ஆற்றைப் பற்றி மெக்சிகோ முறையிட்டபோது அமெரிக்கத் தலைமைச் சட்ட அதிகாரி ஹார்மன் அப்படித்தான் கருத்துச் சொன்னார். ஆனால் அதே அமெரிக்கா 1906இல் மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு நீர் விட ஒப்புக்கொண்டது. இதற்கு எதிர்த்திசையில் 1929இல் ஓடர் ஆற்று வழக்கில் அனைத்துலக நிரந்தர நீதிமன்றம், கப்பல் போகும் ஆற்றில் கரைநாடுகள் எல்லாவற்றுக்கும் சமமான பொது நலன் உண்டு என்றது.

ஐ.நா.வின் 1997 உடன்படிக்கை இவற்றுக்கு நடுவே நிற்கிறது: நியாயமாகப் பயன்படுத்து, அண்டை நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாதே. பொதுச்சபையில் எதிர்த்து வாக்களித்தவை சீனா, துருக்கி, புருண்டி. மூன்றுமே பெரிய ஆறுகளின் தலைப்பக்கம் இருப்பவை. உடன்படிக்கை நடைமுறைக்கு வர 2014 ஆகிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த உடன்படிக்கை ரிப்பேரியன் என்பதையே தவிர்த்துவிட்டு 'நீரோட்ட நாடு' என்ற பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டது. கரையை மட்டும் பார்த்தால் கிளையாறும் நிலத்தடி நீரும் விட்டுப்போகும் அல்லவா? மாறாக, 1995 மீகாங் ஒப்பந்தத்தில் பழைய சொல்தான். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் உறுப்பினர்கள். தலைப்பக்கம் வரிசையாக அணை கட்டியிருக்கும் சீனா கரைநாடுதான், ஆனால் உறுப்பினர் அல்ல.

இனித் தமிழுக்கு வருவோம். 'கரையோர நாடு' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அது சரிப்படவில்லை. தமிழில் கரையோரம் என்றதும் கண்முன் வருவது கடல். லாவோசுக்கும் எத்தியோப்பியாவுக்கும் கடலே கிடையாது. 'கரையோர நாடான லாவோஸ்' என்று படிப்பவர் வரைபடத்தைத் தேடப் போவார். ஆகவே ஆறு என்ற சொல் வெளிப்படையாக இருக்க வேண்டும்: ஆற்றுக்கரை நாடு, ஆற்றுக்கரை மாநிலம், ஆற்றுக்கரை உரிமை. கட்டுரையில் ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டால், அப்புறம் கரைநாடு, கரையுரிமை என்று சுருக்கிக்கொள்ளலாம். நான் மேலே எழுதியிருப்பதும் இந்தச் சுருக்கத்தைத்தான். பேச்சில் 'ஆற்றுப் பங்காளி' என்றாலே போதும், உடனே புரியும். சட்ட ஆவணத்தில் அது கொஞ்சம் காரமாக இருக்கும்.

ஆற்றின் மேற்பக்க நாடு, கீழ்ப்பக்க நாடு என்று பிரிக்கும்போதுதான் உண்மையான சிக்கல். மேல்கரை, கீழ்க்கரை என்று போட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டு நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிவது. அதனால் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்று நம் மொழியில் பதிந்துவிட்டது. கீழக்கரை என்றால் நமக்கு ஓர் ஊர். காவிரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். மூடா ஆற்றில் எல்லாம் தலைகீழ்: ஆறு பிறப்பது கிழக்கில், கடலில் விழுவது மேற்கில். பினாங்கு மேற்கே இருந்துகொண்டு கீழே இருக்கிறது!

திசை கலக்காத சொற்கள் வயற்காட்டில் தயாராக இருக்கின்றன. தலைமடை, கடைமடை. மடை என்பது வாய்க்காலில் நீர் திறக்கும் வழி. முதல் மடைக்காரர் தாராளமாகப் பாய்ச்சிக்கொள்வார், கடைசி மடைக்காரர் வானத்தைப் பார்த்து நிற்பார். காவிரி வழக்கில் தமிழ்நாட்டைக் கடைமடை மாநிலம் என்று எழுதி எழுதி, வாய்க்காலுக்குரிய சொல் ஏற்கெனவே மாநில அளவுக்கு வளர்ந்துவிட்டது. நாட்டுக்கும் அது பொருந்தும்: எத்தியோப்பியா தலைமடை நாடு, எகிப்து கடைமடை நாடு. நடுவில் இருக்கும் சூடானை இடைமடை நாடு எனலாம். மலாயில் உலு, ஹிலிர் என்பார்கள். உலு சிலாங்கூர், ஹிலிர் பேராக் என்று ஊர்ப் பெயரிலேயே நாம் தினமும் சொல்வதால் இந்த வேறுபாடு இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

இச்சொல்லுக்குச் சுற்றுச்சூழல் துறையில் இன்னொரு பொருளும் உண்டு. ஆற்றின் இருபுறமும் வெட்டாமல், நடாமல் விட வேண்டிய நிலப்பட்டையை ரிப்பேரியன் ரிசர்வ் என்பார்கள். நீர்ப்பாசன வடிகால் இலாகா மலாயில் 'ரிசாப் சுங்கை' என்கிறது. செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு அது எந்த இடம் என்று தெரியும். இங்கே உரிமையும் இல்லை, பங்கும் இல்லை, இடத்தைக் குறித்தால் போதும். ஆற்றோரக் காப்பு நிலம், ஆற்றோரக் காடு என்று எழுதிவிடலாம்.