எல்லாப் பழியும் செல் துண்டின்மேல்

வன்னியில் நோவுக்குக் காரணம் தேடி யாரும் மினக்கெடுவதில்லை. நாரி நோகிறதா, போர்க்காலத்தில் பாய்ந்து உள்ளே கிடக்கிற செல் (எறிகணை) துண்டு. கால் இழுக்கிறதா, அதுவும் செல் துண்டுதான். துண்டு இல்லாதவர்களுக்கு வாதம் இருக்கவே இருக்கிறது. கூடவே ஒரு கல்சியக் குளிசை, அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவும் அப்படித்தான் சில வருடம் ஓட்டியிருந்தார். குந்தினால் சுவரைப் பிடிக்காமல் எழும்ப ஏலாது. நடை தாரா நடை. இருமினாலே விலா நோகும். எக்ஸ்ரேயில் பார்த்தால், விழாமல் அடிபடாமலே விலாவிலும் தொடையெலும்பின் கழுத்திலும் வெடிப்புகள். இரத்தத்தில் கல்சியம் சரி. பொஸ்பேற்று மட்டும் 1.4 mg/dL. பெரியவர்களுக்கு அது 2.5க்குக் கீழே போகக்கூடாது.

சிறுநீரகக் கோளாறோ என்று மகன் பயந்தார். வவுனியாப் பக்கம் அந்த நோயைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் சிறுநீரகம் பழுதானால் பொஸ்பேற்று ஏறும், இவருக்கு இறங்கியிருந்தது. இங்கே சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கிறது. எங்கோ ஒளிந்திருக்கும் சின்னக் கட்டி ஒன்று அதை ஏய்க்கிறது. கட்டி சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹோர்மோன் பொஸ்பேற்றைச் சிறுநீரோடு தள்ளிவிட வைக்கிறது. விற்றமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. பொஸ்பேற்று இல்லாமல் எலும்பு இறுகாது, தசைக்கும் பலம் வராது. கல்சியத்தை எவ்வளவு விழுங்கியும் பிரயோசனமில்லை.

பெரும்பாலும் இது புற்றுநோய்க் கட்டி அல்ல. ஆனால் காலில், தொடையில், மூக்குக்குப் பின்னால், எலும்புக்குள்ளே என்று எங்கேயும் இருக்கும். தேடிப் பிடிக்க வருடங்கள் போவதுண்டு. இந்த அம்மாவுக்குக் குதிக்காலுக்குப் பக்கத்தில், தோலுக்கடியில் ஒரு கெட்டி உருண்டை. கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்!

கையில் தட்டுப்படாவிட்டால் கலியம் (gallium) என்ற கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் (PET) ஸ்கான் தேவைப்படும். அதற்கு வன்னியை விட்டு வெளியேதான் போகவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், செல் துண்டு இருப்பதை முதலே சொல்லிவிடுங்கள். இரும்பென்றால் காந்தம் அசைத்துவிடும். கட்டியை முழுதாக எடுத்தால் பொஸ்பேற்று சில நாளிலேயே ஏறிவிடும், எலும்பு இறுகத்தான் மாதங்கள் ஆகும். கட்டி அகப்படாதவர்களுக்குப் பொஸ்பேற்று மருந்தும் அல்பாகல்சிடோல் போன்ற விற்றமின் டி குளிசையும் கொடுத்து, சிறுநீரகத்தையும் கவனித்துக்கொள்வோம்.

இரத்தம் கொடுக்கும்போது கல்சியத்தோடு பொஸ்பேற்றையும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். இரும்புச்சத்து மருந்து ஊசியாக ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவற்றில் ஒரு வகை, கட்டியே இல்லாமல் இதே வேலையைச் செய்யும்.