ஸ்வோத்தி: தங்கம் இல்லாத பொன்

போலந்துப் பணத்தின் பெயரை (złoty) எழுத்தைப் பார்த்து 'ஸ்லோட்டி' என்று வாசிக்கத் தோன்றும். ஆனால் நடுவில் வரும் 'ல்' எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு கிடக்கும். அந்தக் கோடு இருந்தால் போலந்துக்காரர்கள் அதை 'வ' போல ஒலிப்பார்கள். ஆக, 'ஸ்வோத்தி'. எண்ணிக்கையைப் பொறுத்து வாலும் மாறும்: ஒரு ஸ்வோத்தி, இரண்டு ஸ்வோத்தே, ஐந்து ஸ்வோத்திஹ்.

'ஸ்வோத்தோ' என்றால் தங்கம். 'தங்கத்தாலான' என்ற பெயரடைதான் ஸ்வோத்தி. நெதர்லாந்தின் பழைய பணமான கில்டருக்கும் இதே பொருள்தான்.

முதலில் இது போலந்துக் காசின் பெயரே இல்லை. வெளியிலிருந்து வந்து புழங்கிய டூக்கட் போன்ற தங்க நாணயங்களை மக்கள் அப்படி அழைத்தார்கள். 1496இல் பியோத்ர்கூவ் நகரில் கூடிய நாடாளுமன்றம், ஒரு ஸ்வோத்தி 30 குரோஷ் (வெள்ளிச் சில்லறைக் காசு) என்று நிர்ணயித்தது. சிக்கல் பிறகுதான் வந்தது. வெள்ளிக் குரோஷின் தரம் குறையக் குறைய, தங்கக் காசின் விலை 30 குரோஷைத் தாண்டி ஏறியது. பெயர் இரண்டாகப் பிரிந்தது. 30 குரோஷ் என்ற கணக்குக்கு 'போலந்து ஸ்வோத்தி'. கையில் மின்னும் நிஜத் தங்கத்துக்கு 'சிவப்பு ஸ்வோத்தி'. நாம் செம்பொன் என்கிறோமே, அதேதான்!

கணக்கில் மட்டும் இருந்த போலந்து ஸ்வோத்தி 1663இல்தான் காசாக வந்தது, அதுவும் மட்டமான வெள்ளியில். முகமதிப்பு 30 குரோஷ்; உள்ளிருந்த வெள்ளி அதில் பாதிகூடப் பெறாது. உலோகத்தைவிட நாட்டின் நலமே மேல் என்று லத்தீனில் அதிலேயே பொறித்து வைத்தார்கள். நல்ல சமாளிப்பு.

அப்புறம் இடையில் மார்க் என்ற வேறு பணம் வந்து, பணவீக்கத்தில் கரைந்தது. 1924இல் பிரதமர் கிராப்ஸ்கி 18 லட்சம் மார்க்குக்கு ஒரு ஸ்வோத்தி என்று மாற்றினார்; அப்போதிலிருந்து ஒரு ஸ்வோத்திக்கு 100 குரோஷ். 1995இல் பழைய 10,000 ஸ்வோத்தி புதிய ஒன்றானது.

சரி, தமிழில்? செய்தியில் ஸ்வோத்தி என்றே எழுதலாம். நாணயப் பெயரை மொழிபெயர்த்தால் ஆள் குழம்பிப்போவார். பொருளைச் சொல்ல 'பொன்' போதும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன் என்னும்போது அந்தப் பொன்னும் காசுதானே. ஆண்பால் பெயரடை என்பதால் 'பொன்னன்' இன்னும் நெருக்கம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் போல இருக்கிறது. 'பொற்காசு' மட்டும் வேண்டாம். வார்சாவில் டீ குடித்து வாங்கிய சில்லறையை அடகுக்கடைக்கு எடுத்துப் போகத் தோன்றிவிடும்.