காரீயக் குண்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

தோட்டாவில் தாங்களே செருகிச் சுடுபவர்கள் வாங்கும், அச்சில் வார்த்த காரீயத் துப்பாக்கிக் குண்டுகள் நிறைந்த பெட்டியைத் திறந்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது மூக்குக்குத்தான். முனை மழுங்கியிருக்கிறதா, மேனி பளபளக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அதன் அடித்தட்டைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் குறி தப்பாத குண்டா, தறிகெட்டுப் போகும் குண்டா என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டு, 1909இல் முடிவுகளை வெளியிட்டார். மூக்கைச் சிதைத்த குண்டுகள் இலக்கில் பெரிதாக விலகவில்லை. அடி சிதைந்தவைதான் எங்கெங்கோ போய் விழுந்தன. காரணம் எளிது. குழல் வாயைக் கடைசியாக விட்டு வெளியேறுவது குண்டின் அடி. அதன் விளிம்பில் ஓர் இடம் குறைந்திருந்தால், பின்னால் துரத்திவரும் வாயு அந்தப் பக்கம் ஒரு கணம் முந்திப் பீறிடும். குண்டு ஓரமாகத் தள்ளப்படும். அதனால் அடித்தட்டு சமதளமாகவும், விளிம்பு கூர்மையாகவும், சுற்றிலும் முழுமையாகவும் இருக்க வேண்டும். உருகிய உலோகம் அச்சின் மூலைவரை பாயவில்லை என்றால் அந்த விளிம்பு உருண்டுபோயிருக்கும். மேனியில் சுருக்கம் இருந்தால் அச்சு சூடேறவில்லை, அல்லது எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. வெளிறிப் பனி படர்ந்தாற்போல் இருந்தால் அச்சு கொஞ்சம் அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அவ்வளவே. பார்க்க அழகில்லை என்றாலும் அந்தக் குண்டு நன்றாகவே சுடும்.

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு: உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் முறுக்கி ஓடும் பள்ளங்களைப் புரி என்பார்கள். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரி கொண்ட .44 மேக்னம் ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். குண்டு வினாடிக்கு 365 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அது வினாடிக்கு ஏறக்குறைய 720 முறை சுழலும். 16.2 கிராம் எடையுள்ள அந்தக் குண்டுக்குள், மையத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டரை மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குமிழி இருக்கிறது என்று வையுங்கள். ஈர்ப்பு மையம் சுமார் 0.02 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். குழலுக்குள் இருக்கும்வரை சுவர் பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்ததும், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, அந்த மையம் பக்கவாட்டில் வினாடிக்கு 9 சென்டிமீட்டர் வேகத்தில் விலகும். 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிசகிவிடும். குமிழி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதைப் பொறுத்துப் பிசகும் திசையும் ஒவ்வொரு குண்டுக்கும் மாறும். தராசில் வைத்தால் அந்தக் குண்டு சுமார் 0.1 கிராம் குறைவாகக் காட்டும். அதனால்தான் அனுபவசாலிகள் வாங்கிய பெட்டியிலிருந்து சிலவற்றையாவது எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள்.

இனி அளவு. .44 என்று பெயர் இருந்தாலும் அந்தக் குழலின் பள்ளங்களுக்கு இடையேயான விட்டம் 0.429 அங்குலம்தான். வார்ப்புக் குண்டு அதைவிட ஓர் ஆயிரத்திலொரு பங்கு, அல்லது இரண்டு பங்கு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஆயிரத்திலொரு பங்கு அங்குலம் என்பது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அந்த இத்துனூண்டு குறைந்தாலே பக்கவாட்டில் வாயு கசியும். சூடான அந்த வாயு வெட்டுளியைப் போலக் காரீயத்தை அரித்துக் குழல் சுவரில் அப்பிவிடும். ரிவால்வரில் இன்னொரு சிக்கல். குண்டு முதலில், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரில் உள்ள தன் அறையின் முன்வாயைக் கடந்துதான் குழலுக்குள் நுழைகிறது. அந்த வாய் குழலைவிடக் குறுகலாக இருந்தால், எவ்வளவு பெரிய குண்டு வாங்கினாலும் அங்கேயே இறுகிச் சிறுத்துவிடும். சோதிப்பது சுலபம்: துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து குண்டை ஒவ்வொரு வாயிலும் நுழைத்துப் பாருங்கள். விரலால் தள்ளும்போது லேசாக முரண்டுபிடித்துப் போனால் சரி. தானாக விழுந்தால் குண்டு சிறிது. ஆறு வாயும் ஒன்றுபோல் இல்லாத சிலிண்டர்களும் உண்டு. அதற்குக் குண்டு விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

கடினத்தைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை உலவுகிறது. ‘கெட்டியான குண்டு உசத்தி’ என்று விளம்பரமும் சொல்கிறது. நான் அதை நம்புவதில்லை. உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் பிரினெல் அளவையில் சுத்தக் காரீயம் 5 மட்டுமே. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லில் நாம் குழப்பிக்கொள்ளும் காரீயமும் வெள்ளீயமும் இங்கே தனித்தனி வேலை செய்கின்றன. 90 பங்கு காரீயத்தோடு 5 பங்கு வெள்ளீயமும் 5 பங்கு ஆன்டிமனி என்ற நொறுங்கும் தன்மையுள்ள தனிமமும் சேர்ந்தால் அளவை 15 வரை ஏறும். பழைய அச்சகங்களில் எழுத்து வார்க்கப் பயன்பட்ட லினோடைப் உலோகத்தில் ஆன்டிமனி 12 பங்கு, வெள்ளீயம் 4 பங்கு. அது 22 வரை போகும். கெட்டித்தன்மையின் பெரும்பங்கு ஆன்டிமனியுடையது. வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடவைக்கிறது.

வெடிமருந்தின் அழுத்தம் பின்னாலிருந்து அடிக்கும்போது குண்டின் அடி சற்றே உப்பி, குழலை அடைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த அழுத்தத் தோட்டாவில் மிகக் கெட்டியான குண்டைப் போட்டால் அது உப்பாது. அளவும் பொருந்தவில்லை என்றால் வாயு ஒழுகும். .45 கோல்ட் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, .44 மேக்னத்துக்கு 36,000. இரண்டுக்கும் ஒரே கெட்டித்தன்மை எப்படிப் பொருந்தும்?

காரீயத்துக்கு ஒரு விசித்திர குணமும் உண்டு. அது உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கெல்வினில் சொன்னால் 600. அறை வெப்பநிலை 300 கெல்வின். ஆக, மேசைமேல் சும்மா கிடக்கும் குண்டு தன் உருகுநிலையில் பாதியில் இருக்கிறது, பழுக்கக் காய்ந்த இரும்பைப் போல. அதனால் உள்ளே அணுக்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்ட ஆன்டிமனிக் கலவை அடுத்த சில நாட்களில் தானாகவே கெட்டியாகிறது. அதே குண்டைப் பிறகு, விட்டத்தைச் சரிசெய்யும் அளவுவளையத்தில் அழுத்தினால் மேல்தோல் மறுபடி இளகுகிறது.

வேட்டைக்கு என்று வரும்போது மூக்கும் கணக்கில் வருகிறது. ரிவால்வர் குண்டின் வேகம் குறைவு. விரிவதை மட்டும் நம்ப முடியாது. எனவே தட்டையான அகன்ற மூக்கே காயத்தின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் வடிவமைத்த தட்டைமூக்குக் குண்டுகள் இன்றும் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே புழங்குவது இதனால்தான். ஆன்டிமனி மிகுந்து போனால் எலும்பில் பட்டு நொறுங்கும் அபாயமும் இருக்கிறது. மான் வேட்டைக்குப் பிரினெல் அளவையில் 12 முதல் 15 வரை போதும் என்பது என் கருத்து. கலிஃபோர்னியாவில் மட்டும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை: இறைச்சியில் தங்கும் காரீயம் கழுகுகளைக் கொல்கிறது என்பதால், 2019 ஜூலை முதல் அங்கே வேட்டையில் காரீயக் குண்டுக்கு முழுத் தடை.

கடையில் கிடைப்பவற்றில் பல, அடி விளிம்பு சாய்த்து வெட்டப்பட்டவை. இயந்திரத்தில் வேகமாக வார்க்கவும் தோட்டாவில் சுலபமாகச் செருகவும் அது வசதி. குழலில் காரீயம் ஒட்டாமலிருக்கக் குண்டுக்குப் பூசும் மெழுகும், அனுப்பும் வழியில் உதிராமலிருக்க, கெட்டி ரகமாக இருக்கும். சுடுபவருக்கு வேண்டியதோ கூர்விளிம்பும், தேன்மெழுகு கலந்த மிருதுவான பூச்சும். ஆகவே முதலில் சிறு பொட்டலமாக, இரண்டு விட்டங்களில் வாங்கிப் பாருங்கள்.

ஒரு ஐம்பது சுட்டபின், துப்பாக்கியைக் காலி செய்து, குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். குழல் தொடங்கும் இடத்தில் சாம்பல் நிறத் தகடாகக் காரீயம் ஒட்டியிருந்தால் குண்டு சிறிது, அல்லது அந்த அழுத்தத்துக்கு அது மிகக் கெட்டி. வாய்ப்பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் பாதி வழியிலேயே மெழுகு தீர்ந்துவிட்டது. வாய் ஓரத்தில் மெழுகு நட்சத்திர வடிவில் தெறித்து, உள்ளே புரிகள் சுத்தமாகத் தெரிந்தால், அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் விட்டத்தையும் கலவையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.