கால்வாய்ச் சுவரில் ஏறாதீர்கள்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அருவியைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் சற்று நடந்தால் பாசி படிந்த கற்சுவர்கள் தென்படும். பொட்டோமாக் கால்வாயில் எஞ்சியிருப்பது அதுதான். பழைய கல் கட்டுமானங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அங்கே போகும்போதெல்லாம் அருவிக்கு முன் அந்தச் சுவர்களைத்தான் பார்ப்பேன்.

1785இல் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் ஒரு கம்பெனி இந்த வேலையில் இறங்கியது. உள்நாட்டு மாவும் இரும்பும் ஆற்று வழியே துறைமுகத்துக்கு வர வேண்டும்; குறுக்கே அருவி. அதைச் சுற்றி ஏறத்தாழ ஒரு மைல் கால்வாய் வெட்டி, ஐந்து லாக்குகள் கட்டினார்கள். லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் மேல் கதவை மூடித் தண்ணீரை வடியவிட்டால் படகும் கூடவே இறங்கும். இப்படி 76 அடி இறக்கினார்கள்! கீழ்ப்பகுதியில் பாறையையே வெடிமருந்து வைத்துப் பிளந்திருக்கிறார்கள். உழைத்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். 1802இல் கால்வாய் திறந்தபோது வாஷிங்டன் உயிரோடு இல்லை. 1828இல் கம்பெனியும் முடிந்தது.

லாக் சுவர்களில் சிலவற்றில், கல்தச்சர்கள் கூலிக் கணக்குக்காகக் கொத்திய சிறு குறிகள் இன்றும் தெரிகின்றன. அவர்களில் பலருடைய பெயர் எங்கும் இல்லை. அந்தக் கோடுகள்தான் அவர்கள் கையெழுத்து.

இந்தச் சுவர்களுக்கு வெள்ளத்தைவிட அன்றாடத் தேய்மானத்தைக் கண்டுதான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மேல்வரிசைக் கல்லில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறோம், குழந்தையை ஏற்றிப் படமெடுக்கிறோம். கல் ஒரு நூல் நகர்கிறது. அந்த இடுக்கில் மழைநீர் இறங்கிக் குளிர்காலத்தில் உறைகிறது. உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும். வசந்தத்தில் இடுக்கு அகன்றிருக்கும்; அதில் ஒரு விதை விழுந்தால் மீதி வேலையை வேர் பார்த்துக்கொள்ளும்.

'சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். வேறோர் இடத்தில் அப்படிப் பூசிய மணற்கல் சுவரைச் சரிசெய்யப் போயிருந்தேன். சிமெண்ட் கெட்டியாக நின்றது. சுற்றியிருந்த கல்தான் ஏடு ஏடாக உரிந்து கையோடு வந்தது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது, ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். உரிந்த கல்லை எதைக் கொண்டும் திரும்ப ஒட்ட முடியாது.

ஆகவே, சுவரின் மேல் நடக்க வேண்டாம், பாதையை விட்டு இறங்க வேண்டாம். கல் விழுந்து கிடந்தால் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடுகூட அதை எடுத்து ஓரமாக வைக்காதீர்கள். விழுந்த இடத்திலேயே கிடந்தால்தான் எந்த வரிசையில் எந்தக் கல் இருந்தது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியும்.