பளபளக்காத கண்ணாடி

"சார், இது ஏஐ போட்ட வீடியோதானே?" என்று கேட்டு ஒரு வாசகர் ஒரு நிமிட வீடியோவை அனுப்பியிருந்தார். சுவரில் பெரிய மரச் சட்டம். அதற்குள் வரிசை வரிசையாகச் சதுர மரத் துண்டுகள். ஒருவர் எதிரே வந்து நிற்கிறார். கடகடவென்று ஒரு சத்தம். துண்டுகள் அசைந்து அடங்கினால், மரத்தில் அவருடைய உருவம்! அவர் கையைத் தூக்கினால் மரத்திலும் ஒரு கை உயர்கிறது.

ஏஐ இல்லை. இன்றைய ஏஐ வீடியோக்களுக்கெல்லாம் ரொம்ப முன்பே, 1999இல் செய்தது. பெயர் 'மரக் கண்ணாடி'. செய்தவர் டேனியல் ரோசின். ஜெருசலேமில் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்யும் கலைஞர். மொத்தம் 830 மரத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சர்வோ மோட்டார். நடுவில் வெளியே தெரியாதபடி ஒரு சின்னக் கேமரா, பின்னால் ஒரு கணினி. அவ்வளவுதான் சாமான்.

வேலை நடக்கும் விதம் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். கேமரா உங்களைப் பார்க்கிறது. அந்தப் படத்தைக் கணினி 830 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் சராசரியாக எவ்வளவு வெளிச்சம் என்று கணக்கிடுகிறது. அந்த எண்ணுக்கு ஏற்ற கோணத்தில் துண்டைச் சாய்க்கச் சொல்லி மோட்டாருக்கு உத்தரவு போகிறது. சர்வோ மோட்டார் வீட்டு மின்விசிறி மோட்டார் போலச் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. சாதாரண சர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை ஒரு சின்ன மின்துடிப்பு வரும். அது 1 மில்லி செகண்ட் நீடித்தால் ஒரு ஓரத்துக்குத் திரும்பும், 2 மில்லி செகண்ட் நீடித்தால் மறு ஓரத்துக்கு. உள்ளே இருக்கும் ஒரு மாறுமின்தடை 'இப்போது எங்கே நிற்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சொன்ன இடம் வந்ததும் நின்றுவிடும்.

சரி, துண்டு சாய்ந்தது. அதனால் படம் எப்படி வரும்? எல்லாத் துண்டும் ஒரே நிற மரம். கறுப்பு மை பூசவில்லை, உள்ளே பல்பு இல்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாயங்கால வேளையில் ஓட்டு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மேற்குப் பக்கச் சரிவு தகதகவென்று இருக்கும், கிழக்குப் பக்கச் சரிவு இருண்டு கிடக்கும். ஒரே சூளையில் சுட்ட ஒரே ஓடுதான். வெயிலைப் பார்க்கும் கோணம்தான் வேறு. நகைப் பெட்டிக்குள் இருக்கும் வெல்வெட்டில் விரலால் கோடு போட்டு விளையாடியதும் இதே கதை. விரல் பட்ட இடத்தில் இழைகள் வேறு பக்கம் படுத்துவிடும், கோடு கருமையாகத் தெரியும். மையே இல்லாமல் ஒரு படம்.

ஏன் அப்படி? ஒரு டார்ச்சைச் சுவருக்கு நேராக அடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்று இருக்கும். சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீள்வட்டமாகப் பரவும், மங்கிவிடும். வெளிச்சம் அதே அளவுதான், அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் பரப்பு கூடிவிட்டது. எவ்வளவு மங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. பரப்புக்குச் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டால், அந்தக் குச்சிக்கும் வெளிச்சம் வரும் திசைக்கும் இடையில் உள்ள கோணத்தின் கொசைன் எவ்வளவோ, அவ்வளவு பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். ஜோகான் ஹைன்ரிச் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் 1760இல் எழுதி வைத்த விதி இது. பத்தாம் வகுப்பில் கொசைன் படித்தபோது 'இது எதற்கு ஆகும்' என்று முனகிய கூட்டத்தில் நானும் இருந்தேன். இதற்கு ஆகும்.

மரக் கண்ணாடிக்கு மேலே இருந்து விளக்கு அடிக்கிறது. அது 45 பாகைச் சரிவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு விளக்கை நோக்கி 30 பாகை அண்ணாந்தால், இடைக்கோணம் 15 பாகை, கொசைன் 0.97. அதே துண்டு 30 பாகை தலை குனிந்தால், இடைக்கோணம் 75, கொசைன் 0.26. கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம்! நடுவில் எத்தனை கோணம் உண்டோ, அத்தனை சாயல். அண்ணாந்த மரம் உங்கள் நெற்றி, குனிந்த மரம் உங்கள் தலைமுடி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பரப்பு மங்கலாக இருக்க வேண்டும். மரத்தின் சொரசொரப்பு, விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதனால் நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் ஒரு துண்டு ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில்தான் தெரியும். மரத்துக்குப் பதில் 830 நிலைக்கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தால், ஒன்றில் விளக்கு கண்ணைக் கூசும், பக்கத்துத் துண்டில் கூரை தெரியும், முகம் வரவே வராது. அதாவது, பளபளப்பு இல்லாததால்தான் இந்த மரம் கண்ணாடி ஆகிறது. முதல் முறை இது புரிந்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

(உடைந்த கண்ணாடியில் முகம் பார்த்தால் வீட்டுக்கு ஆகாது என்பார் எங்கள் பாட்டி. 830 துண்டாக இருக்கும் கண்ணாடிக்கு என்ன பரிகாரம் சொல்லியிருப்பாரோ!)

அப்புறம் இன்னொரு கேள்வி. 830 புள்ளியில் ஒரு முகமா? 1080 வரிசை கொண்ட சாதாரண டிவி திரையிலேயே 20 லட்சத்துக்கு மேல் பிக்சல்கள் இருக்கின்றன. இங்கே உதவிக்கு வருவது நம் மூளை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மனும் பேலா யூலெஸும் 1973இல் ஆபிரகாம் லிங்கன் படத்தைப் பெரிய பெரிய கட்டங்களாக ஆக்கிக் காட்டினார்கள். கிட்டே பார்த்தால் சாம்பல் சதுரங்கள். கண்ணை இடுக்கினாலோ தள்ளி நின்றாலோ லிங்கன் வந்துவிடுவார். காரணம், கட்டங்களின் கூர்மையான ஓரங்கள் அசல் முகத்தில் இல்லாதவை. அந்த ஓரங்களே முகத்தை மறைக்கின்றன. பார்வை மங்கினால் ஓரங்கள் கரைகின்றன, முகம் மிஞ்சுகிறது. குறைவாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும் விந்தை. வாசகர் அனுப்பிய வீடியோவை ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள், முகம் தொலைந்துவிடும். ஓட விடுங்கள், திரும்பி வரும். அசைவும் ஒரு தகவல்தான்.

ரோசின் இதோடு நிற்கவில்லை. தெருவில் பொறுக்கிய குப்பையில் ஒரு கண்ணாடி செய்தார். 2015இல் 450 பென்குயின் பொம்மைகளைத் தரையில் நிறுத்தினார். அவை திரும்பி வெள்ளை வயிற்றையோ கறுப்பு முதுகையோ காட்டும். சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் அங்கே கறுப்பும் வெள்ளையும் பொம்மையிலேயே இருக்கின்றன. மரத்தில் அது வெறும் கோணத்தில் இருந்து பிறக்கிறது. என் ஓட்டு மரத்துக்கே.

அவர் பாடம் நடத்துவது நியூயார்க் பல்கலைக்கழகத்தில், கலையும் மின்னணுவும் ஒரே மேசையில் உட்காரும் ஒரு துறையில். அது 1979 முதல் நடக்கிறது. நம் ஊரில் பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே பிள்ளையின் கையில் இருந்து தூரிகையைப் பிடுங்கிவிடுகிறோம். இரண்டும் தெரிந்த ஒருவர் நிதி கேட்டுப் போனால், கலை என்பதால் ஒரு கதவு மூடும், மோட்டார் என்பதால் இன்னொரு கதவு மூடும். கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய என் ஓவிய பீரியடுகள் இன்னும் திரும்பி வரவில்லை என்ற கோபமும் இதில் கொஞ்சம் உண்டு.

எழுதுகிறோமே, செய்து பார்ப்போம் என்று போன மாதம் ஒன்பது துண்டில் ஒரு குட்டிக் கண்ணாடி செய்தேன். பிளைவுட் துண்டுகள், மலிவான சர்வோக்கள், லேப்டாப் கேமரா, மேலே ஒரு மேசை விளக்கு. யூஎஸ்பியில் வரும் மின்சாரத்திலேயே ஒன்பதையும் ஓட்டப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் அசையும்போது, சர்வோக்களுக்கு உத்தரவு அனுப்பும் மின்னணு போர்டு மயங்கி விழுந்து விழுந்து எழுந்தது. தனி அடாப்டர் போட்ட பிறகு சரியானது.

தங்கை மகளுக்கு நாலு வயது. முன்னால் நிறுத்தினேன். அவள் வலது கையை ஆட்டினாள். இடது மேல் துண்டு ஆடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது வேற யாரோ" என்றாள்.

கேமராவுக்கு நம் வலது கை, படத்தின் இடது பக்கம்தான் தெரியும். நிலைக்கண்ணாடி அப்படிக் காட்டாது. படத்தை இடவலமாகத் திருப்பும் ஒரு வரியை நான் நிரலில் எழுதவே இல்லை. அதைச் சேர்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். கையை ஆட்டினாள். வலது மேல் துண்டு விளக்கைப் பார்த்து அண்ணாந்தது. கை இறங்கியதும் அதுவும் குனிந்தது. மறுபடி ஆட்டினாள்.

"இது நான்" என்றாள், ஒன்பது மரத் துண்டுகளைப் பார்த்து.